துரு ஏற்றிய கந்தப்பன்

கந்தப்பன் வாழ்நாள் முழுவதும் துருவை மறைப்பதற்காகச் சம்பளம் வாங்கிய மனிதர். ஒரே ஒரு தடவை, 1984 பெப்ரவரியில், துருவை உண்டாக்கித் தரச்சொல்லி அவரைக் கேட்டார்கள். அந்த வேலை அவருடைய பெயரைத் தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் நிறுத்துமா, வெட்டுமா என்பது கடைசி நாள்வரை தீராமல் கிடந்தது. அதில் என் பிழையும் இருந்தபடியால் நானே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1940இல், டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஊசிமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில். பதினாறு வயதில் தேயிலை மலை வேலைக்குப் பெயர் பதிந்தார். 1963இல் ஹட்டனுக்குப் போய், லொறி திருத்தும் ஒரு கராஜில் ஆறு வருடம் பெயின்ட் அடிக்கப் பழகினார். 1969இல் எங்கள் ஸ்டோருக்கே பெயின்டராகத் திரும்பி வந்தார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கூரைத் தகரம், காற்றாடி, லொறி, தேயிலைப் பெட்டியின் எழுத்து எல்லாம் அவர் கை. 1978 ஜூன் 11ஆம் திகதி ஸ்டோர்க் கூரையிலிருந்து வழுக்கி விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் நாற்பத்தேழு நாள். இடது முழங்கால் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை. மனைவி அம்மாக்கண்ணு இழுப்பு நோய்க்காரி. 1982 முதல் கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஆகவே தோட்டம் கொடுத்த அந்த லயத்துக் காம்பராவும் அடுப்பும் ஒரே ஒரு பெயரில் நின்றன.

1984 ஜனவரியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து மூன்றுக்கு ஒரு பெயின்டர் போதும், மிகுதியானவர்களின் பட்டியலை அனுப்பவும் என்று இருந்தது. தோட்ட மானேஜரான பெரிய துரை கந்தப்பனின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மிகுதியானவர் மலை வேலைக்குப் போகவேண்டும். மடங்காத காலோடு மலை ஏறினால் தினமும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஒரு மாதம் அரைப்பேர் விழுந்தால் கையில் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். பட்டியல் பெப்ரவரி 18ஆம் திகதி சனிக்கிழமைத் தபாலில் போகவேண்டும்.

அந்த நேரத்தில்தான் பெரிய துரையின் தம்பி லீவில் வந்திருந்தார். இங்கிலாந்தில் இருப்பவர். தோட்டத்து ஆட்கள் அவருக்கு லண்டன் துரை என்று பெயர் வைத்தார்கள். ஒரு தகரப் பெட்டி நிறைய ஈயப் பொம்மைகள் கொண்டுவந்திருந்தார். ஒன்றேகால் அங்குல உயரம். விண்வெளியில் சண்டை பிடிக்கும் சிப்பாய்கள். முகம் தெரியாத தலைக்கவசம், தோளில் பீப்பாய் மாதிரி ஏதோ, காலில் உடம்புக்குப் பொருந்தாத பெரிய சப்பாத்து. மேசையில் ஒரு நிலத்தை அமைத்து, இவர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, அளவு நாடாவால் அளந்து நகர்த்தும் விளையாட்டு. சனிக்கிழமை திம்புள்ளப் பக்கத்துத் துரைமார் இருவர் இதற்கென்றே வருவதாக ஏற்பாடு. பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே லண்டன் துரை பங்களாப் படியில் வழுக்கி வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆகவே கந்தப்பனைக் கூப்பிட்டார்கள்.

பெரிய துரை பங்களா வாசலில் வைத்தே சொன்னார். நான் அன்றைய கணக்குப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன்.

“கந்தப்பன், தம்பிக்கு இது சரியா செஞ்சு குடுத்தா, ஒன் பேரப் பத்தி நான் மேல எழுதுறேன். பாழாக்கினா எழுத ஒண்ணும் இல்ல. வெளங்குதா?”

“வெளங்குதுங்க தொரை.”

லண்டன் துரை கொடுத்த கருவிக்கு எயார்பிரஷ் என்று பெயர். பேனா அளவு. மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் காற்று வரும், அமுக்கியபடி பின்னுக்கு இழுத்தால் பெயின்ட் வரும். மூக்கில் தையல் ஊசியைவிட மெல்லிய ஊசி. லொறிக்கு அடிக்கும் துப்பாக்கியை இருபது வருடம் பிடித்த கைக்கு இது பிடிபடவில்லை. நான்கு நாள் தேயிலைக் கடதாசியில் புள்ளியும் கோடும் மட்டும் அடித்துப் பழகினார். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் குழாயில் பனிக்காலத்து ஈரம் சேர்ந்து, பெயின்டோடு தண்ணீரும் துப்பியது. குழாயை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு வெளியே எடுத்தார். தண்ணீர் போத்தலில் தங்கியது. காற்று மட்டும் போயிற்று.

நிலத்தையும் அவரே செய்தார். தேயிலைப் பெட்டிப் பலகை நான்கடிக்கு மூன்றடி. பெட்டிக்குள் போடும் ஈயத்தாளைக் கசக்கி நீவி ஒட்டி இரும்புச் சுவர். மருந்துப் போத்தல்கள் எண்ணெய்த் தாங்கிகள். ஏதோ ஒரு கிரகத்தில் குண்டு விழுந்து பாழடைந்த தொழிற்சாலை. லண்டன் துரை பார்த்துவிட்டு இடக்கையால் அவர் முதுகில் தட்டினாராம். பெப்ரவரி 15ஆம் திகதி புதன்கிழமை மாலை முப்பத்தாறு சிப்பாய்களுக்கும் இரண்டாவது பூச்சு, சாம்பல் நிறம், முடிந்தது.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. கொழுந்து இல்லை. ஸ்டோரை நடத்தும் பெரிய டீமேக்கர் நல்லதண்ணி ஊர் வழியாக மலைக்கு யாத்திரை போயிருந்தார். உதவி டீமேக்கரான நான்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு. காலை 9.35க்கு டெலிபோன் அடித்தது. லண்டன் துரை. கம்பியில் இரைச்சல். ஆங்கிலத்தில் சொன்னார், நான் கேட்டபடியே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: ‘பொம்மை 36. கந்தப்பன் விதர் செய்யவும். நன்றாக, தயங்காமல். வெள்ளி பகல் 12க்குப் பங்களாவில்.’

அவர் சொன்னது வெதர். புதிய பொருளை மழையும் வெயிலும் பட்டுத் தேய்ந்து துருப்பிடித்ததாகக் காட்டும்படி. நான் கேட்டது விதர். கொழுந்தை வாட்டுவதற்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்தச் சொல்லை எழுதியவன் காதில் வேறு எது விழும்? பனிக்காலத்தில் பெயின்ட் காயவில்லை, வாட்டு மாடியின் சூட்டுக்காற்றில் காயவைக்கச் சொல்கிறார் என்று எனக்கு நியாயமாகவும் பட்டது.

கந்தப்பன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

“பொம்மைய வாட்டவா சொன்னாருங்க?”

“வாட்டத்தான்.”

“பெயின்ட் இன்னும் காயாமப் பச்சையா கெடக்கு. காத்த விட்டா தூசி வந்து ஒட்டுமே. நல்லாக் கேட்டீங்களாய்யா?”

நான் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எழுதியிருக்குதா? அப்ப சரிங்க.”

வாட்டு மாடி என்பது ஸ்டோரின் மேல்தளம். நீளத் தொட்டிகள், தொட்டியின் பாதி உயரத்தில் கம்பி வலை, வலைமேல் கொழுந்தைப் பரப்பினால் அடியிலிருந்து காற்றாடி சூட்டுக்காற்றை ஊதும். மூன்றாம் தொட்டியின் வலையில் முப்பத்தாறு சிப்பாய்களையும் வரிசையாக நிறுத்தினார் கந்தப்பன். மாடி கூட்டும் வேலாயி விளக்குமாற்றோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, இன்னைக்குக் கொழுந்து சாம்பலா வந்திருக்கு?”

“லண்டன் கொழுந்து. கைய வச்சிராத.”

“வாட்டி, அரைச்சு, சலிச்சா எத்தன பெட்டி தேறும்?”

“ஒன் வாய அரைச்சா அதவிடக் கூடத் தேறும். போ அங்கிட்டு.”

10.10க்குக் காற்றாடியைப் போட்டேன். ‘நன்றாக’ என்று எழுதியிருந்தபடியால் சூட்டையும் வழக்கத்துக்கு மேலே ஏற்றினேன். பரனைட்டில் தொண்ணூற்றைந்து பாகைக்குப் பதில் நூற்றுப்பத்து. மாடிக் கதவை மூடிவிட்டுக் கீழே வந்தோம். பிற்பகல் 4.00க்கு நிறுத்திக் கதவைத் திறந்தோம்.

வலைக்கு மேலே வேலாயி கூட்டியிருந்தாள். வலைக்குக் கீழே ஒரு பருவத்துப் பஞ்சு கிடந்திருக்கிறது. கொழுந்தின் நுனியிலிருந்து உதிரும் பொன்னிறப் பூமயிர், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. காற்று அதையெல்லாம் கிளப்பிக் காயாத பெயின்டில் ஒட்டி, சூடு அதை நன்றாகக் காயவைத்தும் விட்டது. முப்பத்தாறு கம்பளிப்பூச்சிகள் தொட்டியில் நின்றன.

கந்தப்பன் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். பஞ்சு வரவில்லை. இன்னொன்றை எடுத்தார். பிறகு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

4.20க்கு மறுபடி டெலிபோன். லண்டன் துரை உற்சாகமாகக் கேட்டார்: துரு எப்படி வருகிறது? விளிம்பெல்லாம் பெயின்ட் உதிர்ந்த மாதிரி வந்திருக்கிறதா? துரு என்ற சொல்லைக் கேட்டதும் காலையில் அவர் சொன்ன சொல் என்ன என்பது எனக்கு விளங்கியது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “வந்துகொண்டிருக்கிறது, சேர்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாடிக்கு ஏறிக் கந்தப்பனிடம் சொன்னேன். பிழை என்னுடையது, சொல்லை மாற்றி எழுதிவிட்டேன் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

“என்ன செய்யச் சொன்னாரு, இப்பச் சரியா சொல்லுங்க.”

“துருப்பிடிச்ச மாதிரி. பல வருசம் மழையில கெடந்த மாதிரி.”

“துருவா?” என்றார். “துருவச் சொரண்டுறதுக்குத்தானய்யா எனக்குப் பேரு போடுறாங்க.”

தின்னரில் முக்கினால் பஞ்சோடு இரண்டு பூச்சும் போய்விடும்; திரும்ப இரண்டு பூச்சு அடித்துக் காயவைக்க நாள் இல்லை. வெள்ளி பகல் பன்னிரண்டுக்கு இன்னும் பத்தொன்பது மணித்தியாலம். அதில் வெளிச்சமுள்ளது எட்டுக்கும் குறைவு. விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கமாட்டேன் என்றார் கந்தப்பன். சிவப்பு கறுப்பாகத் தெரியும் என்றார்.

வேலாயி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் கேலி செய்யவில்லை.

“அண்ணே, கோழிக்கு எறகு பிடுங்கின பொறகு மேல பூமயிரு நிக்குமே. அத என்ன செய்வோம்?”

“நெருப்புல வாட்டுவோம்.”

“அத மாதிரி வாட்டுங்க.”

கந்தப்பன் என்னைப் பார்த்தார். “ஒரு வாட்டுல கெட்டது இன்னொரு வாட்டுல சரியாகுமாய்யா?”

ஸ்டோருக்குப் பின்புறம் பழைய பத்திரிகையைச் சுருட்டிக் கொளுத்தினோம். முதல் சிப்பாயைக் குறட்டில் பிடித்துச் சுவாலையில் காட்டினார். பஞ்சு சடசடவென்று கருகியது. இன்னும் கொஞ்சம் என்று ஒரு நொடி கூட வைத்தார். சிப்பாயின் வலக்கை, பிடித்திருந்த ஆயுதத்தோடு, உருகிச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

கந்தப்பன் அந்தச் சொட்டைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீதி முப்பத்தைந்தையும் அன்று தொடவில்லை.

வெள்ளி காலை 6.15க்கு நான் வந்தபோது கந்தப்பன் ஏணியில் நின்றார். மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஸ்டோர்க் கூரையின் பழைய தகரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் ஏணி ஏறி நான் பார்த்ததில்லை.

“எறங்குங்க, கந்தப்பன்!”

“இருங்கய்யா. இவ்வளவு காலம் இதச் சொரண்டினேனே தவிர, ஒழுங்காப் பாக்கல.” பார்த்ததை மேலிருந்தே சொன்னார்: துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிப்பதில்லை. ஆணி அடித்த துளையில்தான் முதலில் தொடங்குகிறது. அங்கிருந்து தண்ணீர் போகும் வழியில் கீழ்நோக்கி ஒழுகுகிறது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் தவிட்டு நிறம், ஓரத்தில் செம்மஞ்சள். கொஞ்சம் துருவைச் சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டு இறங்கினார்.

பிறகு வாட்டத் தொடங்கினார். கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போது சுவாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த வேகம். நின்றால் உருகும், விரைந்தால் பஞ்சு கருகாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீச்சு. நான் பத்திரிகையைச் சுருட்டிக் கொடுத்தேன், வேலாயி வாங்கி வரிசையில் வைத்தாள். பதினேழாவதில் பெயின்டே பற்றிக்கொண்டது. வேலாயி முந்தானையால் அமுக்கி அணைத்தாள், விரல் வெந்தது. அடுத்த பொம்மைக்குக் கையை நீட்டினாள். 8.40க்கு முப்பத்தைந்தும் முடிந்தன. பஞ்சு போன இடமெல்லாம் நுண்ணிய கறுப்புக் குழிகள். பெயின்ட் அங்கங்கே கொப்பளித்து வெடித்திருந்தது.

கந்தப்பன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த மாதிரி அடிக்க எனக்கே வராதுய்யா,” என்றார். அது நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை.

எயார்பிரஷ்ஷில், கூரைத் தகரத்துக்கு அடிக்கும் சிவப்பு ஒக்சைட்டைத் தின்னர் விட்டுத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினார். கீழிருந்து மேலாக ஒரு மூச்சு, சப்பாத்தில் மண் ஏறிய மாதிரி. பிறகு தோள் மூட்டிலும் கவச விளிம்பிலும் புள்ளி, புள்ளியிலிருந்து கீழே ஒரு இழுப்பு. சுரண்டிய துருவைப் பொடியாக்கிக் குழிகளில் தூரிகையால் அழுத்தினார். தேயிலைத் தூசியைத் தலையில் உதிர்த்தார். 10.50க்கு ஊசி அடைத்தது. கழற்றும்போது நுனி வளைந்துவிட்டது. அதைக் கண்ணாடிமேல் வைத்து நகத்தால் உருட்டி உருட்டி நிமிர்த்த பதினெட்டு நிமிடம் போயிற்று. அந்தப் பதினெட்டு நிமிடமும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசியாக, கையில்லாத சிப்பாய்க்கும் மற்றவர்களுக்கு அடித்த அதே கவனத்தோடு அடித்தார். 11.40க்குப் பெட்டியை மூடினோம்.

பங்களாவுக்கு நானும் போனேன். குறிப்புப் புத்தகத்தையும் வாட்டு மாடிப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். வழியில் கந்தப்பன் கேட்டார்.

“அது எதுக்குங்க?”

“கேட்டா காட்டுறதுக்கு.”

“கேக்காட்டி?”

நான் புத்தகங்களை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

பெரிய துரை கதிரையில் இருந்தார். பட்டியல் அவர் முன் மேசையில் கிடந்தது. லண்டன் துரை இடக்கையால் ஒவ்வொரு சிப்பாயாக எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடி ஒன்றை வரவழைத்தார். அதில் சப்பாத்து முதல் தலைக்கவசம் வரை பார்த்தார். பெட்டியின் மூலையில் கடைசியாக இருந்தது அந்தக் கையில்லாதவன். எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

பெரிய துரை அதைப் பார்த்துவிட்டார். “ஒடச்சிட்டியா?”

கந்தப்பன் சட்டைப் பையிலிருந்து ஈயச் சொட்டை எடுத்து மேசையில் வைத்தார். “உருகிப் போச்சுங்க தொரை. என் கையிலதான்.”

அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. என் பெயரைச் சொல்லமாட்டார் என்று எனக்கு விளங்கியது. நான் முன்னால் போய் இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்தேன். 9.35இன் குறிப்பு. 10.10 முதல் 4.00 வரை, மூன்றாம் தொட்டி, பொம்மை 36, நூற்றுப்பத்துப் பாகை. பெரிய துரை வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

“மத்தியாஸ், நீர் இதுகள விதர் பண்ணினீரா?”

“ஆமா, சேர். நான் கேட்ட பிழை. கந்தப்பன் சந்தேகப்பட்டாரு. எழுதியிருக்கு என்று நான்தான் சொன்னேன்.”

சுவர் மணிக்கூடு பன்னிரண்டு அடித்தது. பிறகு பெரிய துரை தம்பியிடம் தங்கள் வீட்டு மொழியான சிங்களத்தில் கேட்டார்: நல்லதா, பாழா? அதை மட்டும் சொல்.

லண்டன் துரை கையில்லாத சிப்பாயை எடுத்துப் போய், பக்கத்து மேசையில் அமைத்திருந்த நிலத்தில், ஈயத்தாள் சுவரின் இடிந்த வாசலில் நிறுத்தினார். முழங்காலில் நின்று, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். தன் கட்டுப்போட்ட கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“இவன் உண்மையாகவே சண்டைக்குப் போய் வந்தவன்,” என்றார் ஆங்கிலத்தில். “மற்றவர்களுக்கு இவன்தான் தலைவன்.”

பெரிய துரை சிரிக்கவில்லை. றப்பரை எடுத்துப் பட்டியலில் கடைசியாக இருந்த கந்தப்பனின் பெயரை அழித்தார். வெற்றுத் தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையொப்பம் இட்டு, “சனித் தபாலுக்கு” என்று என்னிடம் நீட்டினார். கொழுந்தில்லாமல் ஆறு மணித்தியாலம் காற்றாடி ஓடியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் திங்கட்கிழமை வரும் என்றும் சொன்னார். அது வந்தது.

பங்களா வாசலைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் கந்தப்பன் நின்றுவிட்டார்.

“அந்தக் கடுதாசிய வாசிங்க.”

“நல்லாத்தான் எழுதியிருக்காரு.”

“நல்லாத்தான்னு வேண்டாம். ஒரு சொல்லும் விடாம வாசிங்க.”

வாசித்தேன். கந்தப்பன் என்பவர் இந்தத் தோட்டத்துக்குத் தேவையான பெயின்டர். மலை வேலைக்கு மாற்ற வேண்டாம். இவர் பெயரை இப்போதுள்ளபடியே வைத்திருக்கவும்.

“பெயின்டருன்னுதான் இருக்கா?”

“பெயின்டருன்னுதான்.”

“அத மாதிரியே காதுல விழுற வேற சொல்லு ஏதும் இருக்காய்யா இங்கிலீசுல?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், ஏனென்றால் அவர் கேலிக்குக் கேட்கவில்லை. “இல்ல, கந்தப்பன்.”

“அப்ப ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க.”

பாதை ஓரத்தில் நின்று, கடிதத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலை வைத்துச் சொன்னேன். துரு படிந்த தன் விரலை அவர் கடிதத்தில் படாமல் என் விரலுக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டே, கடைசி எழுத்துவரை கூட வந்தார்.